ஐஸ் ஹவுஸ்லாம் எறங்கு!

"ஐஸ் ஹவுஸ்... ஐஸ் ஹவுஸ்லாம் முன்னாடி வா!"

திருவல்லிக்கேணி பக்கம் பஸ் ஏறியிருக்கீங்களா மக்களே? அப்படின்னா இந்தக் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீங்க. அந்த ஏரியாவுல போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட ஐஸ் ஹவுஸ்னுதான் பேரு. ஆனா எந்த ஐஸு, யாரோட ஹவுஸுன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? ரெண்டு வருஷமா அந்த ஸ்டாப்பைத் தாண்டிப் போறவ நான். மீனுக்கு ஐஸ் சப்ளை பண்ற கம்பெனி ஏதாவது இருந்திருக்கும்னு நானே ஒரு தீர்ப்பு எழுதிட்டு, ஜன்னலோர சீட்ல தூங்கிட்டேன்.

தூங்க விடாத ஒரே ஜீவன் ஹீட் டிரான்ஸ்ஃபர். (மெக்கானிக்கல் மக்கள் இங்கே ஒரு நிமிஷம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தலாம்.) போன செமஸ்டர் அந்தப் பேப்பர்ல எனக்கு அரியர். கொஞ்சம் இன்டர்னல் மார்க் தேறட்டும்னு சார் பெரிய மனசு பண்ணி ஒரு அசைன்மென்ட் கொடுத்தார். 'உங்க ஊர்ல இன்சுலேஷன் வேலை செய்யற ஒரு இடத்தைப் பார்த்து எழுதிட்டு வாங்க.' கிளாஸ்ல பாதிப் பேர் தெர்மாஸ் பிளாஸ்க், மீதிப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜ். நான் மட்டும் சீன் போடலாம்னு ஐஸ் ஹவுஸை எடுத்தேன்.

முதல் நாள் ராத்திரி பாட்டிகிட்ட சொன்னேன். கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தவங்க கை அப்படியே நின்னுடுச்சு.

"அந்த விதவா ஹோமுக்கா? அங்க உனக்கென்னடி வேலை?"

மெரினாவுல விவேகானந்தர் இல்லம்னு போர்டு இருக்கிற கட்டடம்தான் பழைய ஐஸ் ஹவுஸ்ங்கிற வரைக்கும் தேடிப் பிடிச்சு வெச்சிருந்தேன். ஐஸ் ஓகே. விவேகானந்தர் ஓகே. விதவைகள் எங்கேர்ந்து வந்தாங்க? சிலபஸ்லயே இல்லையே! கேட்டேன். "போய்ப் பார்த்துட்டு வா, சொல்றேன்"னு கீரைக்குத் திரும்பிட்டாங்க.

சரி, ஐஸ்லேர்ந்தே ஆரம்பிப்போம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துல ஃபிரெடரிக் டியூடர்னு ஒருத்தர். குளிர்காலத்துல அவர் ஊர் ஏரி எல்லாம் பாறை மாதிரி உறைஞ்சுடும். அதை வெட்டிக் கப்பல்ல ஏத்தி வெயில் ஊர்களுக்கு வித்தா என்னன்னு யோசிச்சார். 1806-ல் கரீபியன் தீவான மார்டினிக்குக்கு முதல் கப்பல். ஊரே சிரிச்சது. நஷ்டம், கடன், கடனுக்காக ஜெயில்கூட! (அரியர் வெச்சவங்க இதைப் படிச்சு ஆறுதல் அடையலாம்.) மனுஷன் விடலை. அவர் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. ஏரி ஐஸுக்குக் காசு கிடையாது. அதைச் சுத்தி அடைக்கிற மரத்தூள், மரம் அறுக்கிற மில்லுக்காரன் வேண்டாம்னு கொட்டினது. கிழக்கே போற கப்பல் எப்படியும் பாரத்துக்குக் கல்லை ஏத்திக்கிட்டுப் போகணும், கல்லுக்குப் பதிலா ஐஸ். யாருக்கும் வேண்டாத மூணு பொருளைச் சேர்த்து ஒரு பிசினஸ்!

1833-ல் 'டஸ்கனி'ங்கிற கப்பல் 180 டன் ஐஸோட பாஸ்டன்லேர்ந்து கிளம்பி, நாலு மாசம் கழிச்சு கல்கத்தா போய்ச் சேர்ந்தது. ரெண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டி வந்தும் சுமார் 100 டன் மிச்சம். நாம கேன்டீன்ல வாங்கற ஐஸ்கிரீம் பெஞ்சுக்கு வர்றதுக்குள்ள பாயசம் ஆகுது!

எப்படி முடிஞ்சது? இங்கேதான் என் அரியர் பேப்பர் உள்ளே வருது. ஒரு கிலோ ஐஸ் உருகணும்னா சுமார் 334 கிலோ ஜூல் வெப்பம் உள்ளே போகணும். அதே வெப்பத்துல ஒரு கிலோ பச்சைத் தண்ணியை 0 டிகிரியிலேர்ந்து 80 டிகிரி வரைக்கும் சூடு பண்ணிடலாம். ஐஸ் அவ்வளவு பிடிவாதக்காரன். அப்புறம், வெப்பம் மேற்பரப்பு வழியாத்தான் நுழையும். ஒரு மீட்டர் கட்டி எட்டைத் தனித்தனியா வெச்சா மொத்தம் 48 சதுர மீட்டர் வெயிலுக்குக் காட்டுது. அந்த எட்டையும் ஒட்டி ஒரே கட்டியா அடுக்கினா 24-தான். பாதி! அதனாலதான் கப்பலோட வயித்துல இடுக்கே இல்லாம அடுக்கினாங்க. சுத்தியும் மரத்தூள். துகள்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்து நகராது, அதனால செங்கல்லோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். இதையே போன செமஸ்டர் பரீட்சையில 16 மார்க்குக்குக் கேட்டாங்க. எழுதத் தெரியலை. மரத்தூளைக் கண்ணால நினைச்சுப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு.

கல்கத்தாவுல வியாபாரம் சூடு பிடிக்க (ஐஸ் வியாபாரம் சூடு பிடிக்கிறது... சரி விடுங்க), பம்பாய், மெட்ராஸ்னு கிடங்கு கட்டினார் டியூடர். மெட்ராஸ் கிடங்கு 1842-ல் எழுந்தது. மத்த ரெண்டு ஊர்க் கிடங்கும் இன்னிக்கு இல்லை. நம்மளோடது மட்டும் நிக்குது. தோரோ எழுதி 1854-ல் வெளிவந்த 'வால்டன்' தெரியுமா? ஏரிக்கரையில தனியா குடிசை போட்டு வாழ்ந்த கதை. அந்த ஏரியிலும் டியூடர் ஆட்கள் ஐஸ் வெட்டினாங்க. அது போய்ச் சேருற ஊர்கள்ல ஒண்ணா மெட்ராஸ் பேரையும் தோரோ எழுதி வெச்சிருக்கார். இங்கிலீஷ் லிட்ரேச்சர் மக்களே, அடுத்த இன்டர்-காலேஜ் க்விஸ்ல என்னை நினைச்சுக்கோங்க.

இப்ப மெரினாவுக்கு வாங்க. பிரசிடென்சி காலேஜைத் தாண்டி, பீச்சை இடது பக்கமா வெச்சுக்கிட்டு நடங்க. ராணி மேரி காலேஜ் வர்றதுக்கு முன்னாடி வலது பக்கம் ஒரு வெளிர்நிறக் கட்டடம். மெரினாவுல மத்த கட்டடம் எல்லாம் நேர்க்கோடு, கோபுரம், குவிமாடம்னு பந்தாவா நிக்கும். இது மட்டும் கடலைப் பார்த்த பக்கம் அரைவட்டமா வயித்தைத் தள்ளிக்கிட்டு, மேல போகப் போக ஒடுங்கி... பெரிய கல்யாணத்துல வெட்டற அடுக்கு கேக் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

அந்த வளைவைப் பார்த்ததும் எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டா. ஒரே பரப்பளவுக்குச் சதுரத்தோட சுற்றளவைவிட வட்டத்தோட சுற்றளவு கம்மி. சுவர் கம்மியா இருந்தா உள்ளே நுழையற வெயிலும் கம்மி. ஐஸ் கிடங்கா இருந்தப்போ தடிச் சுவர், ஜன்னல்னு சொல்லிக்க பெருசா எதுவும் கிடையாது. வெளிச்சமும் காத்தும் உள்ளே வரக் கூடாதுங்கிறதுதான் கட்டினவனோட ஒரே நோக்கம். இன்னிக்கு நாம பார்க்கிற வராந்தா, வரிசை வரிசையா ஜன்னல் எல்லாம் பின்னாடி வந்தது. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப இதுக்கு வருவேன்.

இன்னொண்ணு. 1842-ல் மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது. கப்பல் ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கயித்தால தைச்ச மசூலா படகுல சரக்கை இறக்கி, அலையில தூக்கித் தூக்கிப் போட்டு, கரைக்குக் கொண்டு வரணும். நாலு மாசம் தாக்குப்பிடிச்ச ஐஸுக்குக் கடைசி கொஞ்ச தூரம்தான் கண்டம். அதான் கிடங்கைக் கடலுக்குப் பக்கத்துலயே கட்டினாங்க. "எங்கேப்பா பக்கம்? ரோட்டைத் தாண்டி, மணலைத் தாண்டி, சுண்டல் தீர்ந்தப்புறம்தானே தண்ணி வருது"ன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. 1876-ல் துறைமுக வேலை ஆரம்பிச்சது. நம்ம கடற்கரையில மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும். கடலுக்குள்ள நீட்டின சுவர் அதை மறிச்சது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து இன்னிக்கு நாம ஃபிரண்ட்ஸோட உட்கார்ற மெரினா ஆச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்னுது. நமக்குக் கிடைச்ச மணல் அவங்களுக்குப் போக வேண்டியது. சிவில் மக்கள் இதை வெச்சு ஒரு ப்ராஜெக்டே பண்ணலாம்.

1870-களில் மெஷின் ஐஸ் வந்தது. ஊர்லயே தயாராகுற பொருளுக்கு எதுக்கு பாஸ்டன் கப்பல்? கிடங்கு காலி.

அதை வாங்கினவர் பிலிகிரி ஐயங்கார், ஹைகோர்ட் வக்கீல். கெர்னன்ங்கிற நீதிபதி மேல இருந்த மரியாதைக்கு 'காசில் கெர்னன்'னு பேர் வெச்சார். ஐஸுக்குக் கட்டின இடத்துல மனுஷன் எப்படி இருக்கிறது? சுவரை உடைச்சு ஜன்னல் வெச்சார். சுத்தி வளைவா வராந்தா போட்டார். வெப்பம் நுழையக் கூடாதுன்னு கட்டினதுக்குள்ள கடல் காத்து நுழையணும்னு போராடினார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பங்களாவுல ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்கறதுக்கும் விட்டிருந்தாராம்.

1897 பிப்ரவரி 6. சிகாகோவுல பேசி உலகப் புகழ் அடைஞ்சு திரும்பின விவேகானந்தர் எழும்பூர் ஸ்டேஷன்ல வந்து இறங்கினார். நம்ம ஊர் ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வழியில வண்டியிலேர்ந்து குதிரையை அவிழ்த்து விட்டுட்டு, தாங்களே இழுத்துக்கிட்டு வந்தாங்க. நேரா காசில் கெர்னனுக்கு. 9 நாள் தங்கினார். அவர் அமெரிக்கா போகக் காசு திரட்டினதுல முக்கியமான ஆளும் நம்ம ஊர் வாத்தியார்தான், அளசிங்கப் பெருமாள். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லட்டுமா? சிகாகோ மேடையில பேச விவேகானந்தருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்த பேராசிரியர் ஜான் ரைட்டை அவர் சந்திச்சது பாஸ்டன் பக்கத்துல ஒரு கடலோர ஊர்ல. ஐஸும் அங்கேர்ந்து வந்தது, லெட்டரும் அங்கேர்ந்து வந்தது. ரெண்டும் ஒரே வீட்டுல வந்து இறங்குச்சு!

அடுத்த மாசமே ராமகிருஷ்ணானந்தர் வந்து சேர, தென்னிந்தியாவுல ராமகிருஷ்ண மடத்தோட வேலை இங்கேதான் தொடங்குச்சு. ஐயங்கார் காலமானதும் வீடு ஏலத்துக்குப் போனது. மடம் மயிலாப்பூருக்குப் போச்சு. 1917-ல் அரசாங்கம் கட்டடத்தை வாங்கினது.

பாட்டி சொன்ன கதை இங்கேதான் ஆரம்பிக்குது.

ஆர்.எஸ்.சுப்பலட்சுமி. 'சகோதரி சுப்பலட்சுமி'ன்னா உங்க பாட்டிகளுக்குத் தெரியும். 1886-ல் பிறந்தவங்க. 11 வயசுல கல்யாணம், கொஞ்ச நாள்லயே புருஷன் போயிட்டார். அந்தக் காலத்துல பிராமண வீடுகள்ல இதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு தெரியும் இல்லையா? வயசுக்கு வந்ததும் தலையை மழிச்சு, கலர் புடவையை வாங்கிக்கிட்டு, நல்ல காரியத்துல முன்னாடி வராதேன்னு பின்கட்டுல தள்ளிடுவாங்க. சுப்பலட்சுமியோட அப்பா அப்படிச் செய்யலை. படிக்க வெச்சார். 1911-ல் பிரசிடென்சி காலேஜ்ல டிகிரி வாங்கி வெளியே வந்தாங்க. மறு வருஷமே அவங்களை மாதிரி சிறுமிகளைக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்க எழும்பூர் வீட்டுல ஹோம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல நாலே பேர். கூட்டம் பெருகி, இடம் போதாம, கடைசியில ஐஸ் ஹவுஸ்.

சம்பிரதாயம் பேசினவங்க சும்மா இருக்கலை. எதிர்ப்பு, ஏச்சு, எல்லாம் இருந்தது. இன்னொரு விஷயத்தையும் மறைக்காம சொல்லிடறேன். அந்த ஹோம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மத்த சாதிப் பெண்களுக்குக் கதவு இல்லை. எல்லாருக்கும் திறந்த கதவுன்னா அது 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அவ்வை இல்லம். இதைப் படிச்சப்போ எனக்கு உறுத்துச்சு, உங்களுக்கும் உறுத்தும். ஆனா அந்த வீட்டுக்குள்ள வந்த பொண்ணுங்க டீச்சர்களா வெளியே போனாங்க. சொந்த சம்பளம், சொந்தக் கையெழுத்து. அதையும் சொல்லாம விட முடியாது.

உள்ளே போனேன். இப்ப இது விவேகானந்தர் இல்லம். 1963-ல் அவர் நூற்றாண்டுக்காக வெச்ச பேரு. 1997-ல் அரசாங்கம் மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க, சீரமைச்சுக் கண்காட்சி ஆக்கினாங்க. நாட்டோட கலாசாரம் பத்தின படங்கள், விவேகானந்தர் வாழ்க்கை, போட்டோக்கள், மேல அவர் தங்கியிருந்த அறை. அந்த அறை தியான அறையா இருக்கு. சத்தமே இல்லை. எவ்வளவு வாயாடியா இருந்தாலும் அங்கே வாய் தானா மூடிக்கும், கேரண்டி.

எல்லாரும் படங்களைப் பார்த்துக்கிட்டு நகர்ந்தாங்க. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ஜன்னல் பக்கம் போய் சுவரோட கனத்தைக் கையால அளந்து பார்த்தேன். (செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். "அசைன்மென்ட்ணா"ன்னதும் சிரிச்சுட்டுப் போயிட்டார்.) வளைஞ்ச சுவர் எங்கே திரும்புதுன்னே தெரியாம உங்களைக் கொண்டுபோய் வெளிச்சத்துல நிறுத்துது. கடல் பக்கம் நின்னா முகத்துல காத்து அடிக்குது. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் காத்து யார் முகத்துல அடிச்சிருக்கும்? பின்கட்டு இருட்டுலேர்ந்து வந்த பன்னெண்டு, பதிமூணு வயசுப் பொண்ணுங்க. கையில சிலேட்டோட இங்கே வந்து நின்னப்போ அவங்களுக்கு என்ன தோணியிருக்கும்? என்னால யோசிக்க முடியலை. நோட்டுல தெர்மல் கண்டக்டிவிட்டின்னு எழுதியிருந்தேன். அதுக்குக் கீழே ஒண்ணும் எழுதலை.

வீட்டுக்கு வந்து பாட்டியை உட்கார வெச்சேன். "இப்ப சொல்லு."

பாட்டியோட அத்தை. குஞ்சு அத்தைன்னு கூப்பிடுவாங்களாம். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம். 1921-ல், 11 வயசுல விதவை. மெட்ராஸ்ல இப்படி ஒரு ஹோம் இருக்குன்னு உறவுக்காரர் ஒருத்தர் லெட்டர் போட்டிருக்கார். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க, அனுப்புங்கோன்னு. கொள்ளுத் தாத்தா லெட்டரைப் படிச்சுட்டு மடிச்சு உத்தரத்துல செருகிட்டாராம். 'கடக்கரையில கொண்டுபோய்ப் பொண்ணை விடறதாவது'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"அத்தைக்கு அது தெரியுமா பாட்டி?"

"தெரியாம என்ன? அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த லெட்டரை எடுத்து வெச்சிண்டா. எனக்குப் படிக்கத் தெரிஞ்சப்புறம் என்னை விட்டு வாசிக்கச் சொல்லுவா. எத்தனை தரம் வாசிச்சிருப்பேன்! ஐஸ் ஹவுஸுன்னு வர எடத்துல நிறுத்தச் சொல்லுவா. 'ஐஸாலயே கட்டின வீடாடி?'ம்பா. நானும் எனக்கென்ன தெரியும், ஆமாம்னுடுவேன்."

எனக்கு இருபது வயசு. மெக்கானிக்கல்ல எங்க கிளாஸ்ல நாலே பொண்ணுங்க. இடம் கிடைச்சப்போ வீட்டுல நடந்த ஒரே சண்டை, ஹாஸ்டலா டே ஸ்காலரான்னுதான். குஞ்சு அத்தைக்கு இருபது வயசு ஆனப்போ அவங்க ஒன்பது வருஷ விதவை.

மொபைல்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன். வெளியேர்ந்து எடுத்ததைப் பார்த்து "பரவாயில்லையே, அழகா வெச்சிண்டிருக்கா"ன்னாங்க. எதிர்ல இருக்கிற விவேகானந்தர் சிலைக்கு ஒரு கும்பிடு. நான் கஷ்டப்பட்டு எடுத்த சுவர் போட்டோ எல்லாம் விரலால தள்ளித் தள்ளிப் போயிட்டே இருந்தது. ஜன்னல் போட்டோவுல நிறுத்தினாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாங்க.

"இங்கேர்ந்து சமுத்திரம் தெரியறதோ?"

"தெரியுது பாட்டி. மரம் கொஞ்சம் மறைக்குது."

"அப்போ இன்னும் கிட்டத்துல இருந்திருக்கும்."

துறைமுகம், மணல் நகர்றது எல்லாம் எடுத்து விட்டேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. கொஞ்ச நேரம் அந்தப் போட்டோவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மொபைலை என் கையில கொடுத்துட்டு எழுந்து, முட்டியைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே போனாங்க. அடுக்களை வாசல்லேர்ந்து குரல் மட்டும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை என்னையும் அழைச்சிண்டு போ. மாடிக்கு லிஃப்ட் இருக்கான்னு மட்டும் போன் போட்டுக் கேட்டுடு!"